பக்கத்து நிலத்துப் படகுக் குளம்: கரை உடைந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: பண்ருட்டி வட்டத்தில் எனக்கு மூன்று ஏக்கர் முந்திரித் தோப்பும் அதற்குள் வீடும் இருக்கின்றன. மேல்புறத்து நிலத்தை வாங்கியவர் பண்ணை விடுதி நடத்துகிறார். ஓடையை மறித்து 12 அடி உயரத்துக்குச் செம்மண் கரை போட்டு, ஒரு ஏக்கர் குளத்தில் படகு விடுகிறார். சுமார் 25 ஏக்கர் மழைநீர் அதில் வந்து சேர்கிறது. வெளியேற ஆறு அங்குலக் குழாய் ஒன்றுதான். தண்ணீர் மட்டத்துக்கு மேல் கரை இரண்டடிதான் தெரிகிறது. என் வேலியோரம் கரையடியில் சில மாதமாக ஈரம் கசிகிறது. கேட்டால், “என் பட்டா நிலம், அணைச் சட்டமெல்லாம் இதற்குப் பொருந்தாது” என்கிறார். நான் என்ன செய்யலாம்?

பதில்: அணைச் சட்டத்தைப் பற்றி அவர் சொல்வது சரிதான். 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் நீளமோ கொள்ளளவோ மிகுந்த சிலவற்றுக்கும்தான். 12 அடி நான்கு மீட்டர்கூட வராது. ஆனால் அதற்காக அவர் பொறுப்பு போய்விடாது.

ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர் (1868) என்ற புகழ்பெற்ற இங்கிலாந்து வழக்கே நீர்த்தேக்கத்தைப் பற்றியதுதான். தன் நிலத்தில் இயல்புக்கு மாறாகத் தேக்கிய நீர் தப்பி அடுத்தவருக்குச் சேதம் செய்தால், கவனக்குறைவை நிரூபிக்காமலே இழப்பீடு கேட்கலாம். எதிர்த்தரப்பு இதற்கு இரண்டு கேடயங்கள் வைத்திருக்கும். முதலாவது, கார்வேட்டிநகரம் ஜமீன் வழக்கு (1874). ஜமீன் ஏரிகள் உடைந்து மெட்ராஸ் ரயில்வேக்குச் சேதம் வந்தபோது, ஏரியைப் பராமரிப்பது இந்நாட்டில் ஜமீன்தாரின் பழைய பொதுக் கடமை, எனவே கவனக்குறைவு இல்லாமல் அவர் பொறுப்பாகமாட்டார் என்றது அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில். உங்கள் அண்டை வீட்டாரின் குளத்துக்கு ஆயக்கட்டு (அதன் நீரால் பாயும் வயல்) இல்லை, பொதுக் கடமையும் இல்லை. பயணிகளிடம் காசு வாங்கிப் படகு விடும் குளம் அது.

இரண்டாவது கேடயம் “கடவுள் செயல்”. நிக்கல்ஸ் எதிர் மார்ஸ்லாண்ட் (1876) வழக்கில் ஓடையை மறித்துக் கட்டிய அழகுக் குளங்கள் அசாதாரண மழையில் உடைந்தன, உரிமையாளர் தப்பினார். ஆனால் அங்கே குளங்களின் கட்டுமானத்திலும் பராமரிப்பிலும் கவனக்குறைவு இல்லை என்று ஜூரி கண்டிருந்தது. 1917இல் ஸ்காட்லாந்தின் கிரீனாக் வழக்கில், ஓடைப் படுகையில் குழந்தைகள் விளையாடக் கட்டிய குளத்துக்கு இதே வாதம் எடுபடவில்லை. 2015 நவம்பர் வெள்ளத்தையும் 2024 பெஞ்சல் புயலையும் பார்த்த கடலூர்ப் பக்கத்தில், ஐப்பசி கார்த்திகையில் கனமழை வரும் என்று தெரியாது என யாரும் சொல்ல முடியாது.

ஆகவே உங்கள் முதல் வேலை, இந்த ஆபத்து மழைக்கு முன்பே அவருக்குத் தெரியும் என்பதை எழுத்தில் பதிவு செய்வது. ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டில் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்புங்கள். “கரை ஆபத்தாக இருக்கிறது” என்று மொட்டையாக எழுதினால் பயனில்லை. கணக்கை எழுதுங்கள்: ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. பெய்து அதில் பாதி ஓடிவந்தால், 25 ஏக்கரிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 700 லிட்டர் வரும். ஆறு அங்குலக் குழாய் தாராளமாகப் பார்த்தாலும் 50 லிட்டர்தான் விடும். மீதி நீரால் ஒரு ஏக்கர் குளம் அந்த ஒரு மணி நேரத்திலேயே கிட்டத்தட்ட இரண்டடி ஏறிவிடும், அதாவது கரை விளிம்புக்கு. கலிங்கு (உபரிநீர் வழியும் போக்கு) இல்லாத மண்கரைமேல் தண்ணீர் வழிந்தால் வெளிச்சரிவு அரித்துக்கொண்டே பின்னோக்கிப் போகும்.

கசிவையும் கவனித்துக் குறியுங்கள். சிறு வாய்க்கால் வெட்டி ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, பத்து லிட்டர் வாளி நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று வாரம் ஒருமுறை தேதியோடு எழுதுங்கள். தெளிந்த நீர் அளவு மாறாமல் வந்தால் அவசரமில்லை. கலங்கலாக வந்தாலோ, குளத்து மட்டம் ஏறாமலே அளவு கூடினாலோ, கரைக்குள் மண் கரைந்து துளை விழுகிறது என்று பொருள். குழாயை ஒட்டிய மண், எலி வளை, கறையான் புற்று, கரையில் வெட்டிய மரத்தின் மட்கும் வேர் ஆகியவையே பெரும்பாலும் அந்தத் துளையின் தொடக்கம். உங்கள் நிலத்தில் நின்றே படம் எடுங்கள். அவர் வேலிக்குள் போகாதீர்கள்.

அடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடும் (சர்வே எண்வாரியாக நிலத்தின் வகையைக் காட்டுவது) புல வரைபடமும் பாருங்கள். ஓடை தனிச் சர்வே எண்ணில் “ஓடை புறம்போக்கு” என்று இருந்தால் பட்டா வாதமே விழுந்துவிடும்; 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வட்டாட்சியர் நடவடிக்கை எடுக்கலாம்.

எது எப்படியானாலும் கடலூர் கோட்டாட்சியரிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 152இன் கீழ் மனு கொடுங்கள் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133). அருகில் வசிப்பவர்களுக்குக் காயம் ஏற்படும்படி விழக்கூடிய கட்டமைப்பைப் பழுதுபார்க்கவோ அகற்றவோ அவர் உத்தரவிடலாம். விசாரணை முடியும்வரை ஆபத்து காத்திருக்காது என்றால் பிரிவு 161இன் கீழ் இடைக்கால உத்தரவும் கேளுங்கள். கீழே இருக்கும் மற்ற குடும்பங்களும் கையெழுத்திட்டால் மனு தனிப்பட்ட வேலிச்சண்டை போலத் தெரியாது. நீர்வளத்துறைப் பொறியாளரின் ஆய்வறிக்கையை வரவழைக்கும்படி மனுவிலேயே கோருங்கள்.

அதுவும் நகரவில்லையென்றால் பண்ருட்டி உரிமையியல் நீதிமன்றத்தில் கரையைச் சரிசெய்ய அவரைக் கட்டாயப்படுத்தும் செயலுறுத்துக் கட்டளை கோரி வழக்கு போடுங்கள். கூடவே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 26 விதி 9இன்படி, நீதிமன்றம் நியமிக்கும் ஆணையர் பொறியாளருடன் பார்வையிட மனு செய்யுங்கள். ஒரு ஆணையர் அறிக்கை பத்து சாட்சிக்குச் சமம். அவசியமின்றி அரசைப் பிரதிவாதியாகச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அதே சட்டத்தின் பிரிவு 80இன்படி இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அல்லது அவசரம் காட்டி நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும்.

கரையை நீங்களே வெட்டிவிடாதீர்கள். குற்ற வழக்கு உங்கள்மேல் வரும், உங்கள் தோப்பும் போகும். நீரை இறக்கச் சொல்லும்போதும் நாளுக்கு ஒரு அடிக்கு மேல் இறக்காமல் செய்யச் சொல்லுங்கள். சட்டென்று காலி செய்தால் ஊறிய உட்சரிவு சரிந்துவிடும். மழை இரவில் கசிவு கலங்கினால் வீட்டைவிட்டு மேட்டுக்குப் போய், அங்கிருந்து மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்குச் சொல்லுங்கள்.

சேதம் வந்தேவிட்டால், மண்ணை அள்ளும் முன் கிராம நிர்வாக அலுவலரையும் தோட்டக்கலைத் துறையையும் வரவழைத்து, விழுந்த மரங்களை எண்ணிச் சான்று பெறுங்கள். இழப்பீட்டு வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டு காலவரம்பு.