ஜப்பானில் பரிமாற்ற மாணவராகப் படித்த அனுபவம் எப்படி இருந்தது? ஒரு செமஸ்டர் போதுமா, ஒரு வருடம் போகலாமா?

ஒரு வருடம் போங்கள். இரண்டுக்கும் வாய்ப்பு இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். நான் உலோகவியல் மூன்றாம் ஆண்டு முடித்த கையோடு செண்டாய் நகரத்தில் இருக்கும் தொஹோகு பல்கலைக்கழகத்துக்கு அக்டோபரில் போய் அடுத்த ஆகஸ்ட் வரை இருந்தேன். அங்கே உருப்படியாகக் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி இரண்டாவது பாதியில்தான்.

ஏன் டோக்கியோ இல்லாமல் செண்டாய் என்று கேட்பவர்களுக்கு: உலோகவியல் படிப்பவர்களுக்கு அது புண்ணியத் தலம். கோதாரோ ஹோண்டா 1917-இல் கேஎஸ் எஃகு என்ற காந்த எஃகைக் கண்டுபிடித்தது அங்கேதான், அவர் வளர்த்த உலோக ஆராய்ச்சி நிலையம் கதாஹிரா வளாகத்தில் இன்றும் இருக்கிறது, எல்லோரும் சுருக்கமாகக் 'கின்கென்' என்பார்கள். என் ஆய்வகமும் அங்கேதான்.

பண விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான பரிமாற்ற ஒப்பந்தத்தில் போனால் பெரும்பாலும் கட்டணம் நம் கல்லூரிக்கு மட்டும்தான், அங்கே தனியாகக் கட்ட வேண்டாம். ஜாஸோ என்ற ஜப்பானிய மாணவர் உதவி அமைப்பின் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 80,000 யென், பல்கலைக்கழக விடுதியிலும் இடம் கிடைத்துவிட்டால் கையைக் கடிக்காது. விசாவுக்குத் தேவையான தகுதிச் சான்றிதழை ஜப்பான் குடிவரவுத் துறையிடம் அந்தப் பல்கலைக்கழகமே வாங்கி அனுப்பும், அதை வைத்து இங்கே விசா. டோக்கியோ மாதிரியான பெரிய விமான நிலையத்தில் இறங்கினால் அங்கேயே வதிவிட அட்டை கொடுப்பார்கள், வீடு சேர்ந்த 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அப்படியே தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர்ந்துவிட வேண்டும். சேர்ந்தால் ஆஸ்பத்திரி பில்லில் 30 சதவீதம்தான் நாம் கொடுப்பது. பகுதி நேர வேலைக்குத் தனி அனுமதி வாங்கினால் வாரத்துக்கு 28 மணி நேரம்வரை செய்யலாம், ஆனால் ஆய்வகத்தில் சேர்ந்தவருக்கு அதற்கெல்லாம் நேரம் இருக்காது.

சரி, ஆய்வகத்துக்கு வருவோம். நம் ஊரில் லேப் என்றால் வாரத்தில் ஒரு மதியம், ஒரு ரெக்கார்டு நோட்டு. அங்கே ஆய்வகம்தான் உங்கள் முகவரி. உங்களுக்கென்று ஒரு மேசை, ஒரு செருப்பு அலமாரித் தட்டு, மேசைப் பக்கத்தில் தொங்கும் ஒரு ஹெல்மெட். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தை அனுபவித்த ஊர் அது. ஆர்கான் வாயு சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சங்கிலி, கீழே ஒரு சங்கிலி, புத்தக அலமாரிகூடச் சுவரோடு பிணைத்திருக்கும். லேசாக ஆடினாலும் எல்லாருடைய கண்ணும் முதலில் சிலிண்டர் பக்கம் போகும், அப்புறம்தான் கதவுப் பக்கம்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் முதுகலை இரண்டாம் ஆண்டு சென்பாய், அதாவது சீனியர், ஒருவர். முதல் பாடம், உலோகத் துண்டைத் தேய்ப்பது. ஒரு எமரி தாளில் ஒரே திசையில் தேய்க்க வேண்டும், அதைவிட நைசான அடுத்த தாளுக்குப் போகும்போது துண்டைத் தொண்ணூறு டிகிரி திருப்பித் தேய்த்து, முந்தைய கீறல் ஒன்றுகூட இல்லாமல் போனபிறகுதான் அதற்கடுத்த தாள். இதையெல்லாம் நான் கல்லூரியிலேயே படித்திருக்கிறேன். ஆனால் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, லென்ஸில் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் பழைய தாளையே திரும்ப என் முன்னால் வைத்தபோதுதான் அது கைக்கு வந்தது. கண்ணாடி மாதிரி ஆனதும் தலையை மட்டும் ஆட்டினார், அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு அந்த வருடம் கிடைக்கவில்லை.

வாரா வாரம் 'ஸெமி' நடக்கும், யாராவது ஒருவர் தன் ஆய்வை எல்லார் முன்னாலும் வைக்க வேண்டும். என் முறை வந்தால் பேராசிரியர் ஸ்லைடுகளை அச்செடுத்து வரிக்கு வரி சிவப்பு மையில் திருத்திக் கொடுப்பார், ஆங்கில இலக்கணம் உட்பட. சீன எழுத்தாளர் லூ சுன் 1904 முதல் 1906 வரை இதே ஊரில் மருத்துவம் படித்தபோது, அவருடைய வகுப்புக் குறிப்புகளை ஃபுஜினோ என்ற ஆசிரியர் இப்படித்தான் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தாராம். லூ சுன் உட்கார்ந்து படித்த வகுப்பறையைக் கதாஹிராவில் அப்படியே வைத்திருக்கிறார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் என் பேராசிரியரை நினைத்துக்கொள்வேன்.

இப்போது ஒரு வருடக் கணக்குக்கு வருகிறேன். நான் போன மாதமே ஹிரோசே ஆற்றங்கரையில் ஆய்வகத்தின் 'இமோனிகாய்'. கூட்டமாகச் சேர்ந்து கல் அடுப்பு மூட்டி, பெரிய பானையில் சேப்பங்கிழங்குக் குழம்பு வைப்பார்கள். செண்டாயில் பன்றி இறைச்சியும் மிசோ என்ற புளித்த சோயா விழுதும் போடுவார்கள், பக்கத்து யமகதாவில் மாட்டிறைச்சியும் சோயா சாஸும், எது சரி என்று இரண்டு ஊருக்கும் ஓயாத வழக்கு. விறகும் பானையும் பக்கத்துக் கன்வீனியன்ஸ் கடையிலேயே கிடைக்கும். எல்லோரும் அன்பாகத்தான் கவனித்தார்கள், ஆனாலும் அன்று நான் விருந்தாளி. கிண்ணத்தைக் கையில் கொடுத்தார்கள், வேலை கொடுக்கவில்லை.

பிப்ரவரியில் ஆய்வேட்டுக் காலம், ராத்திரியெல்லாம் விளக்கு எரியும். ஒரு செமஸ்டர் நண்பர்கள் பெட்டி கட்டியது அப்போதுதான். பாதிப் பேர் கையில் முடிந்த அளவீடு ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் கருவிகளைத் தனியாக இயக்கப் பழகி, முறை வந்து, மாதிரி தயாராவதற்குள் செமஸ்டரே தீர்ந்துவிடுகிறது. ஏப்ரலில் அங்கே புது கல்வியாண்டு, நான்காம் ஆண்டு மாணவர்கள் புதிதாக ஆய்வகத்துக்கு வருவார்கள். அவர்களுக்கு எமரி தாள் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. தட்டுத் தடுமாறி ஜப்பானிய மொழியில் சொல்ல வேண்டியிருந்ததால் ஆறு மாத வகுப்பில் வராத மொழி அந்த வசந்தத்தில் வந்தது. பேச்சும் சிரிப்பும் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதும் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சாப்பாடு பற்றி ஒன்று: சைவம் என்றால் மிசோ சூப்பில்கூட மீன் சாறு இருக்கும், சமைக்கக் கற்றுக்கொண்டு போங்கள்.

கிளம்பும் முன் உங்கள் கல்லூரியில் கிரெடிட் விஷயத்தைப் பேசிவிடுங்கள். என்னோடு வந்த ஒருவருக்கு வாய்மொழியாகச் சரி என்றவர்கள், திரும்பி வந்ததும் ஆய்வக வேலைக்குக் கிரெடிட் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். எந்தப் பாடத்துக்கு எது ஈடு, ஆய்வகத்துக்கு எத்தனை கிரெடிட் என்று துறைத்தலைவர் கையெழுத்தோடு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் ஆய்வக விருப்பம் கேட்கும் இடத்தில் பேராசிரியரின் சமீபத்திய கட்டுரை இரண்டையாவது படித்துவிட்டு எழுதுங்கள்.