பாரிமுனையைத் திட்டம் போட்டுக் கட்டியது யார்?

(லிங்கிச் செட்டித் தெருவில் கப்பல் சரக்கு கிளியரிங் அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற அன்பர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: பாரிமுனையில் பெரிய தெருக்கள் எல்லாம் நூல் பிடித்த மாதிரி வடக்கே ஓடுகின்றன. குறுக்குச் சந்துகளில் நுழைந்தாலோ ஒரு வண்டி திரும்ப இடமில்லை. இதை யாராவது திட்டமிட்டார்களா, தானாக வளர்ந்ததா?
– வாசகி, பெரம்பூர்

திட்டம் போட்டது பீரங்கி, அம்மா! மீதியை வியாபாரிகள் பார்த்துக்கொண்டார்கள்.

1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இடம் கிடைத்துக் கோட்டை எழும்பியதும், அதற்கு வடக்கே ஒட்டினாற்போல வணிகர்களும் துபாஷிகளும் (மொழிபெயர்த்துத் தரகு பார்த்தவர்கள்) நெசவாளர்களும் குடியேறினார்கள். அதுதான் பழைய கறுப்பர் நகரம். இன்று ஹைகோர்ட் வளாகம் இருக்கும் இடம். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749-ல் அது ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. பத்து வருஷத்துக்குள் பிரெஞ்சுத் தளபதி லாலியின் முற்றுகை வேறு. கோட்டைச் சுவர் வரை வீடுகள் நெருக்கியடித்து நின்றால் எதிரிக்குத்தான் வசதி என்று புரிந்தது. ஊரையே இடித்துத் தள்ளினார்கள். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் தப்பவில்லை. பிறகு பூக்கடைப் பக்கம் மாற்று இடத்தில் எழுந்தது.

கோட்டையிலிருந்து சுட்டால் குண்டு தடையில்லாமல் போக வேண்டும். அதற்காக விட்ட வெட்டவெளிக்கு 1773-ல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். ஆறில் ஒன்று டேர் ஹவுஸ் கட்டிடத்தோடு இன்னும் நிற்கிறது. தினமும் அந்தப் பக்கம் போகிறவர்களே கவனிப்பதில்லை. அந்த எல்லைக்கு வடக்கே முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை என்று ஏற்கெனவே இரண்டு பேட்டைகள். நடுவே தண்ணீர் தேங்கும் பள்ளம். ஸ்டீபன் போபம் என்ற வக்கீல் 1780-களில் அந்தப் பள்ளத்தைத் தூர்த்து ரோடு போட்டார். அதுதான் பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை. (மனிதர் வண்டியிலிருந்து விழுந்து 1795-ல் இறந்து போனார், பாவம்.)

அப்புறம் சுங்கம். 18-ஆம் நூற்றாண்டின் முடிவில் சுங்க அலுவலகம் கோட்டையை விட்டுக் கடற்கரைக்கு வந்தது. அந்தத் தொழிலிலேயே காலம் தள்ளியவன் சொல்கிறேன், சுங்கம் எங்கேயோ வியாபாரி அங்கே. அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தள்ளி நிற்கும், சரக்கை மசூலா படகில் அலை தாண்டிக் கொண்டுவந்து கரையில் இறக்க வேண்டும். இறக்கியதை வைக்கக் கிடங்கு பக்கத்திலேயே வேண்டாமா? தாமஸ் பாரி என்ற வியாபாரி, பாரிமுனைக்குப் பேர் வரக் காரணமான அந்த மூலை வீட்டை 1803-ல் வாங்கியதும் இந்தக் காலத்தில்தான்.

மனைகளைப் பாருங்கள், முகப்பு குறுகல், உள்ளே நீளம். எங்கள் அலுவலகத்துக்கு வாசல் லிங்கிச் செட்டித் தெருவில், பின்கதவு தம்புச் செட்டித் தெருவில். முன்னால் மேஜையும் லெட்ஜரும், நடுவில் வெளிச்சத்துக்கு ஒரு முற்றம், பின்னால் குடோன். மூட்டை பின்பக்கமாக வரும், பில் முன்பக்கமாகப் போகும். இதை எந்த இன்ஜினீயரும் வரைந்து கொடுக்கவில்லை.

கேள்வி: அரண்மனைக்காரத் தெரு ஆர்மீனியர்கள் என்ன ஆனார்கள்?
– வாசகர், ராயபுரம்

தெருவில் அவர்கள் சர்ச் மட்டும் இருக்கிறது. 1688-ல் லண்டனில் கம்பெனியோடு ஆர்மீனியர்கள் ஒப்பந்தம் போட்டார்கள். கம்பெனி ஊர் எதிலாவது நாற்பது ஆர்மீனியர் சேர்ந்தால் அவர்களுக்குக் கோயில் கட்டித் தருவது என்பது அதில் ஒரு ஷரத்து. என்னைக் கேட்டால் இதுதான் உண்மையான நகரத் திட்டம். சட்டமும் வரைபடமும் வேண்டாம், வியாபாரியை வரவழைக்கச் சலுகை கொடுத்தால் போதும். வந்தவர்களில் கோஜா பெட்ரஸ் உஸ்கான் பெரிய கை. சைதாப்பேட்டையில் அடையாற்றுக்கு 1726-ல் பாலம் கட்டியவர், பரங்கிமலைக்குப் படி போட்டவர். இப்போதுள்ள சர்ச் 1772-ல் வந்தது. மணிக்கூண்டு தனியாக நிற்கும். கல்லறைப் பலகைகள் தரையோடு தரையாக இருக்கும், பார்த்துக் கால் வையுங்கள். உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான ‘அஸ்தரார்’ இதழை 1794-ல் சென்னையில் நடத்திய பாதிரியாரும் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்.

கேள்வி: பவளக்காரத் தெருவில் பவளம் விற்றார்களா?
– வாசகர், ஆவடி

விற்றது யூதர்கள். மத்தியதரைக்கடல் பவளத்தைக் கொண்டுவந்து, கோல்கொண்டா வைரத்தை வாங்கிப் போனார்கள். 1688-ல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது ஆல்டர்மேன்களில் (மாநகராட்சி மன்ற உறுப்பினர்களில்) யூத வணிகர்களும் இருந்தார்கள். பிற்பாடு அந்தத் தெரு நகரத்தார் கைக்கு வந்தது.

கேள்வி: வால்டாக்ஸ் ரோட்டில் என்ன வரி வாங்கினார்கள்?
– வாசகி, கொளத்தூர்

ஒன்றும் இல்லை. ஹைதர் அலி படை வந்து போன பயத்தில் புது ஊரைச் சுற்றி மதில் கட்டினார்கள். செலவை ஜனங்களிடம் வசூலிக்க நினைத்தார்கள், நடக்கவில்லை. மதிலில் மிச்சம் ஒரு துண்டு பழைய ஜெயில் ரோட்டில், மாடிப் பூங்காவில் இருக்கிறது.

கேள்வி: இதையெல்லாம் பிள்ளைகளுக்குக் காட்ட எப்போது வரலாம்?
– வாசகர், தாம்பரம்

ஞாயிறு காலை. கிழமை நாளில் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தால் மீன்பாடி வண்டி இடித்துவிடும். பீச் ஸ்டேஷனில் இறங்கி, ராஜாஜி சாலையைத் தாண்டி மேற்கே நடங்கள். சுங்க மாளிகைப் பக்கம் போனால் அந்தக் காலத்தில் அலை அடித்தது இந்த ரோடு வரை என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நம்ப மாட்டார்கள்.