மார்கழியில் வேர்க்குரு

கேள்வி: தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரு கிராமம். என் மகனுக்கு 4 வயது. அங்கன்வாடி டீச்சர் காலையிலேயே பிள்ளைகளைப் புளியமரத்தடிக்குக் கூட்டிப்போய் இலை பொறுக்குவது, மண்ணில் எழுதுவது என்று சொல்லித் தருகிறார். பனிக்குப் பயந்து இரண்டு சுவெட்டர், குரங்குக் குல்லா, சாக்ஸ் எல்லாம் போட்டுத்தான் அனுப்புகிறேன். அப்படியும் சளி. கழுத்தெல்லாம் வேர்க்குரு வேறு. உள்ளேயே உட்கார வைக்கச் சொல்லட்டுமா?

பதில்: மார்கழிக் குளிரில் வேர்க்குரு என்று எழுதியிருக்கிறீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. பையனுக்குத் துணி குறைவில்லை, கூடிப்போயிருக்கிறது.

உங்கள் பக்கத்து ஊரான தளியைக் குட்டி இங்கிலாந்து என்று சொன்னாலும், பத்து மணிக்கு மேல் அங்கேயும் அடிப்பது நம்மூர் வெயில்தான். இரண்டு சுவெட்டரோடு ஓடுகிற பிள்ளைக்கு உள்பனியன் நனையும். அப்புறம் மரத்தடியில் உட்காரும்போது, அந்த ஈரம்தான் உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். சின்ன உடம்பு சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் குளிர்ந்தும் போகும்.

சளி வருவது வைரஸால். பனி பட்டதால் மட்டும் அது வந்துவிடாது. அடைத்த அறைக்குள் ஒரு பிள்ளை இருமினால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் எளிதில் ஒட்டிக்கொள்ளும். மரத்தடியில் அந்த வாய்ப்பு குறைவு. அதனால் டீச்சரைத் தடுக்காதீர்கள். வீசிங் உள்ள பிள்ளையாக இருந்தால் மட்டும் குளிர்காற்று இழுப்பைக் கிளப்பலாம். அப்படியானால் வெயில் வந்த பிறகு வெளியே விடச் சொல்லுங்கள்.

சரி, என்ன போடுவது? மெல்லிய பருத்திப் பனியன், முழுக்கைச் சட்டை, மேலே ஒரே ஒரு சுவெட்டர். அதுவும் முன்பக்கம் பட்டன் வைத்ததாக இருக்கட்டும். தலைவழியாக மாட்டுவதை நாலு வயதுப் பிள்ளை தானாகக் கழற்ற முடியாது. டீச்சரும் எத்தனை பேருக்குத்தான் கழற்றுவார்? கை சில்லென்று இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். பிடரியில் சட்டைக்குள் இரண்டு விரலை விட்டுப் பாருங்கள். வேர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள், சில்லிட்டிருந்தால் ஒன்றைச் சேருங்கள். குல்லா வழியில் போகும்போது போதும், விளையாடும்போது வேண்டாம். கழுத்தில் மஃப்ளர் சுற்றி ஊக்கு குத்தி அனுப்புவதை மட்டும் விட்டுவிடுங்கள். சறுக்குமரத்தில் மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும்.

காலில் செருப்பு கட்டாயம். கொக்கிப்புழு ஏறுவது பெரும்பாலும் வெறுங்கால் வழியாகத்தான்.

தூறலில் நனைந்தால் ஒன்றும் ஆகாது, நனைந்த துணியோடு விடுவதுதான் தப்பு. மஞ்சப்பையில் ஒரு ஜோடி மாற்றுத்துணி எப்போதும் இருக்கட்டும். இடி இடித்தால் புளியமரத்தடி ஆகவே ஆகாது, உடனே கட்டடத்துக்குள் வந்துவிட வேண்டும். சித்திரை வெயிலுக்கு வெளிர் நிறத்தில் தொளதொள பருத்தி உடை போதும். மினுமினுக்கும் பாலியஸ்டர் துணி கல்யாண வீட்டோடு நிற்கட்டும்.

சளியில் நான் பயப்படுவது மூச்சைப் பார்த்துத்தான். அவன் அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் துவண்டாலோ, மறுநாள் வரை பொறுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வேர்க்குருவுக்குப் பவுடரைக் கொட்ட வேண்டாம், அது மூச்சுக்குள் போகும். இரண்டாவது சுவெட்டரைப் பெட்டியில் வையுங்கள், சில நாளில் தானாக அடங்கிவிடும்.