கொயர் மேடை ஏறாத பாட்டுகள் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன், பள்ளி ஆசிரியை. சென்னையில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தபோது மூன்று வருடமும் கொயரில் (சேர்ந்திசைக் குழுவில்) ஆல்ட்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடினேன். கொயருக்கு இது விழா ஆண்டு. மலருக்கு அதன் வரலாற்றை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். கையில் இருப்பது நடத்துநர்களின் பெயர்கள், போய்ப் பாடிய ஊர்கள், கொஞ்சம் குழுப் படங்கள். எங்கிருந்து தொடங்குவது, மிஷனரிகளிடமிருந்தா? வெளிநாட்டுக் கல்லூரிக் கொயர்களைப் பற்றியும் சேர்க்கலாமா? தமிழ்க் கீர்த்தனைகள் நாலு குரல் பாகமாகப் பிரித்துப் பாட ஒத்துவராது, அதனால்தான் கச்சேரியில் அதிகம் வைப்பதில்லை என்று எங்கள் மாஸ்டர் சொல்வார். அது சரியா? முன்னுரைக்கு யாரைக் கேட்கலாம்?

ஒரு வாசகி, சேலம்

*

அன்புள்ள தங்கைக்கு,

கொஞ்ச நாளாக நான் ஃபிஸ்க் கல்லூரிப் பாடகர்களின் கதையைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், அந்த நேரம் பார்த்து உன் கடிதம் வந்தது. அதனால் வரிசையில் இருந்த மற்ற கடிதங்களைத் தள்ளிவைத்துவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

முன்னுரையை யார் எழுதினாலும் சரி. நடத்துநர்கள் பட்டியலைக் கடைசிப் பக்கத்தில் போடு. படங்களின் கீழே இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதிவை, பின்வரிசையில் பாதி முகம் மறைந்து நிற்பவர்களையும் விடாமல். இதற்கு மேல் அந்த விஷயங்களில் யோசிக்க ஒன்றும் இல்லை.

வெளிநாட்டுக் கொயர்களை அலங்காரத்துக்காகச் சேர்ப்பதானால் வேண்டாம். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒன்று இருக்கிறது என்றால் சேர். ஃபிஸ்க் 1866-இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் மிஷனரிகள் தொடங்கியது, அடிமைத்தனத்திலிருந்து அப்போதுதான் விடுபட்டவர்கள் படிப்பதற்காக. பட்டாளம் காலி செய்துவிட்டுப் போன ஆஸ்பத்திரிக் கொட்டகைகளில்தான் வகுப்புகள் நடந்தன. ஐந்தே வருடத்தில் கடன் கழுத்தை நெரித்தது, மூடிவிடலாம் என்கிற நிலை. கல்லூரிப் பொருளாளர் ஜார்ஜ் ஒயிட் ஒன்பது மாணவர்களைக் கூட்டிக்கொண்டு, பாடிப் பணம் திரட்டலாம் என்று 1871 அக்டோபர் 6 அன்று கிளம்பினார். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். பியானோ வாசித்த எல்லா ஷெப்பர்டுக்கு வயது இருபது. சின்சினாட்டியில் ஒரு வெள்ளைக்கார ஆசிரியரிடம் அவர் பியானோ கற்றது ராத்திரியில், பின்வாசல் வழியாக உள்ளே போய், யாரிடமும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு.

கிளம்பியபோது அவர்கள் மேடையில் பாடியது பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் கச்சேரிப் பாட்டுகள். தாய் தகப்பன் வயலில் பாடிய பாட்டுகளைக் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு தங்களுக்குள் மட்டும் பாடிக்கொண்டார்கள். அந்நியர் முன்னால் அதைப் பாட அவர்களுக்கு மனம் வரவில்லை. அடிமைக்காலத்தின் அவமானம் அதில் ஒட்டியிருந்தது, பெற்றவர்களின் ஜெபமும் அதில்தான் இருந்தது. அந்த நவம்பரில் ஓபர்லின் ஊரில் கூடியிருந்த போதகர்களின் மாநாட்டில் அதில் ஒன்றைப் பாடினார்கள். கொயரின் திசை அங்கேதான் மாறியது. அடுத்த வருடம் இருபதாயிரம் டாலரோடு திரும்பினார்கள், 1873-இல் விக்டோரியா ராணி முன்னால் பாடினார்கள், அந்தப் பணத்தில் எழும்பிய ஜுபிலி ஹால் 1876-இல் திறக்கப்பட்டது. பிற்பாடு ஃபிரெடரிக் லவுடின் நடத்திய குழு 1884-லிருந்து 1890 வரை உலகத்தைச் சுற்றியபோது இந்தியாவுக்கும் வந்து பாடியது.

இப்போது நீ சொல். உன் கொயர் இந்தப் பாட்டுகளைப் பாடியிருக்கும், நம் கல்லூரிக் கொயர்களில் ஸ்பிரிச்சுவல் என்கிற இந்த அடிமைக்காலப் பக்திப் பாட்டு இல்லாத கச்சேரி குறைவு. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அவர்கள் மேடைக்குக் கொண்டுவந்த பாட்டை எடுத்து, அவர்களுடைய உச்சரிப்பை வாரக்கணக்கில் பழகிக் கண் கலங்கப் பாடிவிட்டு, உன் ஆத்தா களையெடுக்கும்போது பாடியதை மேடைக்குக் கொண்டுவர உனக்கு வெட்கமாக இருந்தால், அந்தப் பாட்டிலிருந்து என்ன படித்தாய்? கோபத்தோடுதான் கேட்கிறேன். உன் மாஸ்டர் மேலும் கோபம், அதைக் கேட்டுக்கொண்டு மூன்று வருடம் சும்மா இருந்த உன் மேலும் கோபம்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. தோடி ராகத்தில் இருக்கும் கீர்த்தனையை எடுத்துச் சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று பிரித்தால் அது செத்துவிடும். அதன் காந்தார சுரம் ஓர் இடத்தில் நிற்காமல் அசைந்துகொண்டே இருக்கும், அதன் அடியில் எந்தக் கார்டை (chord, ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டை) வைத்தாலும் பொருந்தாது. ஆனால் எல்லாமே தோடியா? மோகனத்தில் ஐந்தே சுரம், அரைச்சுர இடைவெளியே கிடையாது, எந்த இரண்டு சுரத்தைச் சேர்த்துப் பிடித்தாலும் பெரிதாக முட்டிக்கொள்ளாது. சங்கராபரணம் மேற்கத்திய இசையின் மேஜர் ஸ்கேலேதான். முத்துசுவாமி தீட்சிதர் (1776–1835) வெள்ளைக்கார பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதியதும் அந்த ராகத்தில்தான். ஏறக்குறைய அதே காலத்தில் தஞ்சாவூரில் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கிறிஸ்துவை நம் ராகங்களிலும் சிந்துகளிலும் பாடிக்கொண்டிருந்தார். இருநூறு வருடத்துக்கு முன்பே இரண்டு பக்கமும் போக்குவரத்து இருந்திருக்கிறது. அப்புறம், சேர்ந்து பாடுவதென்றால் நாலு பாகம் ஒன்றுதான் வழி என்று யார் சொன்னது? ஒருத்தர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடலாம், சுருதியைப் பிடித்துக்கொண்டு பேஸ் நிற்க மேலே ஒரே மெட்டு போகலாம், ஒரு குழு முடிக்கும் முன்பே அடுத்தது தொடங்கலாம். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோஃபிலஸ் அப்பாவு கிராமத்து மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள்ளேயே கொண்டுவந்தார். மெட்டு ஒத்துவராது என்று நாம் சொல்லும் பல இடங்களில், அந்த மெட்டைப் பாடுகிறவர்கள்தான் நமக்கு ஒத்துவரவில்லை. பறை என்றதும் முகம் சுளித்த கொயர் கமிட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சுளிப்புக்குச் சாதி என்றுதான் பெயர்.

நான் ஏற்காட்டில் எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவள். கலெக்டர் காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்தார் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும், அந்தக் காப்பியைப் பறித்தவர்கள் என்ன பாடினார்கள் என்று எதிலும் நான் பார்த்ததில்லை. எங்கள் அம்மா பழம் பறிக்கும்போது பாடிய மெட்டுக்கே ஏசு பிறந்த கதையையும் சொந்தமாகக் கட்டிப் பாடுவார், டிசம்பர் பனியில் கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது லைன் வீட்டுப் பெண்கள் எல்லாரும் அதை வாங்கிப் பாடுவார்கள். கல்லூரியில் கொயர் தேர்வுக்கு நான் அதைத்தான் பாடினேன். குரலில் காட்டு இழுப்பு இருக்கிறது, அதை விட்டுவிட்டு வா என்றார்கள். விட்டுவிட்டுத்தான் போனேன்.

போனதில் எனக்குக் கிடைத்ததும் பெரியது, அதையும் சொல்லவேண்டும். பக்கத்தில் நிற்பவளின் குரலைக் கேட்டு என் குரலைக் குறைக்க ஆல்ட்டோ வரிசைதான் கற்றுக்கொடுத்தது. சுரங்களை எழுத்தால் குறிக்கும் சோல்ஃபா நோட்டைப் பார்த்ததும் மனசுக்குள் சுரம் கேட்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது. சேலத்தில் நாங்கள் பாடிய கச்சேரிக்கு அம்மா மலையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். முடிந்ததும், "உன் குரலு தனியா கேக்கவே இல்லியே, யாருக்கு முட்டுக் கொடுத்துக்கிட்டு நின்னே?" என்றார். ஆல்ட்டோவைப் பற்றி அதைவிடச் சரியாக எந்த மாஸ்டரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த அம்மாவின் பாட்டுக்கு நாங்கள் நாற்பது பேர் சேர்ந்து ஒரு நாள் முட்டுக் கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார், பாட்டில் பாதிதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

எங்கே தொடங்குவது என்று கேட்டாய் அல்லவா. மிஷனரியிடம் தொடங்காதே. அச்சடித்த நிகழ்ச்சித்தாள்களைக் கிடைத்த வருடம்வரை தேடி வரிசையாக அடுக்கு. தமிழ்ப் பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் பார், நடுவிலா, கூட்டம் எழுந்து கிளம்பும் நேரத்திலா, இல்லவே இல்லையா, எந்த வருடம் இடம் மாறியது, அந்த வருடம் யார் பொறுப்பில் இருந்தார்கள். பிறகு பழைய ஆல்ட்டோக்களையும் பேஸ்களையும் தேடிப் போ. சோலோ பாடினவர்கள் எப்படியும் தாங்களாகவே போன் செய்வார்கள். தேர்வுக்கு என்ன பாடினீர்கள், எதை விட்டுவிட்டு வரச் சொன்னார்கள் என்று கேள். தேர்வில் தள்ளப்பட்டவர்கள் யாராவது கிடைத்தால் அவர்களிடமும் கேள், அவர்களும் உன் கொயரின் வரலாற்றில் சேர்த்திதான். பாடிக்காட்டச் சொல்லிப் போனில் பதிவு செய். பலருக்கு எழுபது தாண்டியிருக்கும், மலர் வேலை முடியட்டும் என்று இதைத் தள்ளிப்போடாதே.

மே மாதம் நான் ஏற்காட்டில்தான் இருப்பேன். நிகழ்ச்சித்தாள்களை எடுத்துக்கொண்டு மேலே வா, உட்கார்ந்து பார்க்கலாம். என் சோல்ஃபா நோட்டையும் தருகிறேன், ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடு.