மண் சுவருக்கு இயற்கைப் பிசின்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஐஸ்கிரீமைக் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் பிசினை மண்ணில் கலந்து கல் அறுக்கலாம் என்கிறார்கள். அது சுவரின் பாரத்தைத் தாங்குமா?

பதில்: பக்குவமான மண் கிடைத்தால் தாங்கும். கொத்தவரை விதையிலிருந்து எடுக்கப்படும் குவார் கம், சர்க்கரையை நுண்ணுயிரியால் நொதிக்கவைத்துப் பெறப்படும் சாந்தன் கம் ஆகியவை நீளமான சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனவை. நீரில் ஊறியதும் கூழாகி மண் துகள்களுக்கு இடையே பரவும் இவை, ஈரம் வற்ற வற்ற இறுகி, மெல்லிய படலமாகவும் இழையாகவும் நின்று துகள்களைப் பிணைக்கின்றன. வெறும் மணலில் துகளைப் போர்த்தி ஒட்டுவதோடு இவற்றின் வேலை முடிந்துவிடும். களிமண் துகள்களுக்கு மின்னேற்றம் இருப்பதால் அவற்றை நேரடியாகவே பற்றிக்கொள்ளும். எனவே மணலோடு களியும் ஓரளவு கலந்த மண்ணையே நான் பரிந்துரைப்பேன். உலர்ந்த மண்ணின் எடையில் 0.5 முதல் 2 சதவீதம் வரை பிசின் சேர்த்தே பெரும்பாலான ஆய்வுகள் நடந்துள்ளன. அழுத்திச் செய்யும் மண் கற்களில் சிமெண்ட் வழக்கமாக 5 சதவீதம் அளவுக்குச் சேர்க்கப்படுகிறது. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் சுமார் 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருவதால், இந்த மாற்றுவழியை நாம் பொறுமையாகச் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

கேள்வி: மழையில் கரைந்துவிடாதா?

பதில்: இந்த முறையின் உண்மையான பலவீனம் இதுதான். உலர்ந்து இறுகிய பிசின், மீண்டும் நனைந்தால் நீரை உறிஞ்சி ஊதி இளகுகிறது; சுவரின் வலிமையும் அதோடு குறைகிறது. ஈரம் நீடித்தால் மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் பிசினை உணவாக்கிக்கொள்ளும். சூடான நீரில் கரைத்து, ஆறும்போது உறையும் ஜெல்லான் கம் நனைவதை இன்னும் நன்றாகத் தாங்குகிறது. ஆனால் கலவையைச் சூடாக்க வேண்டியிருப்பதால் கட்டுமிடத்தில் அது எளிதன்று. ஆகவே கருங்கல் அடித்தளம், நன்கு வெளியே நீண்ட இறவாணம், சாரல் படாத உட்சுவர் ஆகியவை உறுதியானால் மட்டுமே பிசின் கலந்த மண்ணைத் தேர்ந்தெடுங்கள். தரைக்கு அடியில் போகும் கட்டுமானத்துக்கு இதை நம்ப வேண்டாம்.

கேள்வி: நம் ஊரில் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்தார்களே, அதுவும் இதுதானா?

பதில்: உறவு உண்டு, வேலை வேறு. அங்கே பிணைக்கும் பொருள் சுண்ணாம்பு. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்லக் கல்லாகிறது. கடுக்காய்த் துவர்ப்பும் வெல்லமும் சாந்தின் குழைவையும் இறுகும் வேகத்தையும் மாற்றித் துணைநிற்கின்றன. இங்கே பிசினே பிணைப்பு.

கேள்வி: சிமெண்ட் கல்லைப் போல நாள்தோறும் தண்ணீர் ஊற்ற வேண்டுமா?

பதில்: கூடாது. சிமெண்டுக்கு ஈரத்தால் பலம். பிசினுக்கு உலர்வால் பலம். பிசின் பொடியை முதலில் உலர்ந்த மண்ணோடு சீராகக் கலந்து, பிறகே நீர் தெளியுங்கள். நேராக நீரில் கொட்டினால் கட்டிகட்டியாகிவிடும். கல்லை வெயிலில் வைக்காமல் நிழலில் நிதானமாக உலர்த்தினால் வெடிப்பு குறையும். உங்கள் மண்ணிலேயே சில கற்களைச் செய்து, உலர்ந்தபின் ஒன்றை ஒரு நாள் நீரில் ஊறப்போட்டுப் பார்த்த பிறகே சுவரைத் தொடங்குங்கள்.