ஒரே அறையில் வேலூர்ப் புரட்சி

கேள்வி: எங்கள் பள்ளியில் வேலூர்ப் புரட்சிக்கு ஒரு சிறு காட்சியறை அமைக்கிறோம். எதில் தொடங்குவது?
– ஓர் ஆசிரியர், குடியாத்தம்

பதில்: ஆண்டு வரிசையில் வேண்டாம். '1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் ஏன் எழுந்தார்கள்?' என்ற ஒரே கேள்வியை வையுங்கள். அதற்கு உதவாத படம் எவ்வளவு அழகானாலும் வெளியே! வாசலில், சிப்பாய்கள் அணியும்படி உத்தரவான, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை. அடுத்து, நெற்றிக்குறிக்கும் கடுக்கனுக்கும் வந்த தடை. பிறகு, கோட்டைக்குள் காவலில் இருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகள். கடைசியில், புரட்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து வந்த ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை. பலரும் தலைப்பாகையோடு காரணத்தை முடித்துவிடுகிறார்கள். அங்கேதான் கதை சறுக்குகிறது.

ஒவ்வொரு விளக்க அட்டைக்கும் 50 சொல் போதும். பிள்ளைகளுக்கென்றால் தரையிலிருந்து 120 செ.மீ. உயரம். பளபளப்புத் தாள் கண் கூசும். பிளெக்ஸ் அடிக்குமுன் ஏ4 தாளில் ஒட்டி, படிப்பவர்கள் எந்த வரியில் நகர்ந்து போகிறார்கள் என்று பாருங்கள்.