சித்திரத்தில ஏ எடுத்த பிள்ளையின்ர அம்மாவுக்கு

அக்கா, போன கிழமை நீங்கள் வந்து கதைச்சிட்டுப் போனாப்பிறகு எனக்கு மனம் ஆறேல்ல, வெளியில ஆறேழு பேர் காத்துக்கொண்டிருந்தபடியா அரைகுறையாச் சொல்லி அனுப்பிட்டன், அதுதான் இப்ப ஆறுதலா இருந்து எழுதுறன். அண்ணைக்கும் ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான், படம் கீறிச் சோறு தின்னேலுமோ எண்டு. லண்டனில இருக்கிற சித்தப்பா பி.கொம் செய்யச் சொல்லுறார், பிள்ளை ரெண்டு நாளா ஒருத்தரோடயும் கதைக்காமல் இருக்கிறா எண்டும் சொன்னனீங்கள். நேராவே சொல்லுறன், யாழ்ப்பாணத்துக்குள்ள மட்டும் இருந்துகொண்டு படம் கீறிச் சீவிக்கிறது சரியான கஷ்டம். ஆனா இஞ்ச காலை ஊண்டிக்கொண்டு மட்டக்களப்பு, கொழும்பு, சென்னை, டில்லி, டாக்கா எண்டு ஆக்களோட தொடர்பு வைச்சிருக்கிற பிள்ளைக்கு ஏலும். எங்கட பிள்ளையளிட்ட திறமை ஒருநாளும் குறைஞ்சு கிடந்ததில்லை, தொடர்புதான் இல்லாமல் போச்சு.

தொடர்பு எண்டா ஏதோ வெள்ளைக்காரன்ர புதுக்கதை எண்டு அண்ணை நினைக்கக்கூடாது. அளவெட்டித் தவில் தெட்சணாமூர்த்தியை அண்ணைக்குத் தெரியாமல் இருக்காது, அவர் செத்தது 1975 இல, இண்டைக்கும் தமிழ்நாட்டில தவில் வாசிக்கிற ஆக்கள் அவற்ற பேரைச் சொல்லுவினம். அது எப்பிடி நடந்தது? எங்கட கோயில் திருவிழாக்களுக்கு அங்கத்தை நாதஸ்வர வித்துவான்களைக் கூப்பிட்டவை, இஞ்சத்தைத் தவில்காரர் அவையோட ஒரே மேளக் கச்சேரியில விடிய விடிய வாசிச்சவை, பிறகு இவை அங்க போய் வாசிச்சவை. போக்குவரத்து, சாப்பாடு, தங்க இடம், சன்மானம் எல்லாத்தையும் கோயில் பார்த்தது, வித்துவான் வாசிக்கிறதை மட்டும் பார்த்தார். இப்ப பிராந்தியக் கூட்டு முயற்சி எண்டு புரொஜெக்ட் எழுதுறவை செய்யப் பார்க்கிறதும் அதேதான், கோயில் இருந்த இடத்தில ஒரு கலை நிறுவனம் இருக்குது, அவ்வளவுதான் வித்தியாசம்.

படம் கீறுறதுக்கு அப்பிடியொரு வழி எங்களுக்குக் கனகாலம் இருக்கேல்ல, இருந்ததையும் சண்டை அறுத்துப்போட்டுது. சண்டை நிறுத்தம் வந்தாப்பிறகு 2004 இல, எரிச்சுத் திருப்பிக் கட்டின எங்கட பொது நூலகத்தில அகம் புறம் எண்டு ஒரு கண்காட்சி நடந்தது, கொழும்பில 2000 ஆம் ஆண்டு தொடங்கின தீர்த்த எண்ட கலைஞர் அமைப்பு இஞ்சத்தைக் கலைஞர்களோட சேர்ந்து செய்தது. அந்தத் தீர்த்த தனிய இல்லை, டில்லியில கோஜ், கராச்சியில வாசல், டாக்காவில பிரிட்டோ எண்டு இதே மாதிரிக் கலைஞர்களே நடத்துற அமைப்புகளோட ஒரு தெற்காசிய வலைப்பின்னலில இருந்தது. அதாவது யாழ்ப்பாணத்தில ஒரு ஆளைத் தெரிஞ்சா கொழும்பில ஒரு ஆளைத் தெரியும், அவருக்கு டில்லியில ஒரு ஆளைத் தெரியும். உங்கட பிள்ளை போய் நிக்க வேண்டியது அப்பிடியொரு சங்கிலியிலதான்.

ரெசிடென்சி எண்டு பிள்ளை சொல்ல நீங்கள் என்னைப் பார்த்தனீங்கள் எல்லே, அதை விளங்கப்படுத்துறன். ஒரு இடத்தில ஒரு மாதமோ ரெண்டு மாதமோ தங்கி வேலை செய்யிறது, ரூம் தருவினம், வேலை செய்ய இடம் தருவினம், நல்ல இடமெண்டா ரிக்கெட் காசும் சாமானுக்கும் கைச்செலவுக்கும் கொஞ்சம் தருவினம், கடைசியில ஒருநாள் கதவைத் திறந்து விட்டு ஆக்கள் வந்து பார்ப்பினம். விக்க வேணும் எண்டு கட்டாயம் இல்லை. அந்த ஒரு மாதத்தில பிள்ளை பழகிற ஆக்கள்தான் அடுத்த பத்து வருசத்துக்கும் அவவைக் கூப்பிடப் போகினம். ஆனா ஒண்டு, எங்களிட்டயே காசு கட்டச் சொல்லுற ரெசிடென்சியளும் இருக்குது, அதுகளுக்குக் கடன் வாங்கி அனுப்பாதேங்கோ. முதல் தரம் போகேக்க தனிய விட வேண்டாம், இன்னொரு பிள்ளையோட அனுப்புங்கோ, எங்க தங்குறது, ஆர் பொறுப்பு எண்டு நீங்களே போன் எடுத்துக் கேளுங்கோ, ஒழுங்கான இடமெண்டா கோவிக்க மாட்டினம், வடிவாப் பதில் சொல்லுவினம்.

இப்ப கம்பஸ் விசயம். இஞ்ச மருதனார்மடத்தில இராமநாதன் நுண்கலை இருக்குது, 1960 இல தொடங்கி எழுபதுகளில யாழ்ப்பாணக் கம்பஸோட சேர்ந்தது, அதை விட மட்டக்களப்பில கிழக்குப் பல்கலைக்கழகத்தின்ர சுவாமி விபுலாநந்தா நிறுவகம், கொழும்பில 2005 இல வந்த கட்புல ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகம். இதுகளுக்கு ஏ.எல் சோதனைப் புள்ளியில வாற இசட் ஸ்கோர் மட்டும் காணாது, கம்பஸ் தனியா வைக்கிற செயன்முறைச் சோதனையும் எடுக்க வேணும், அதுக்குத் தனியா விண்ணப்பிக்க வேணும், நல்ல கையிருக்கிற பிள்ளையள் அந்தத் திகதியைத் தவறவிட்டிட்டு வந்து அழுததை நான் கனதரம் பார்த்திட்டன். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின்ர (யு.ஜி.சி) கைநூல் தமிழிலயும் வாறது, அதை வேண்டி வீட்டில வையுங்கோ.

மட்டக்களப்பு கிடைச்சாலும் அனுப்புங்கோ எண்டு நான் சொன்னதுக்கு அண்ணை முகத்தைத் திருப்பினவர். ஏன் சொன்னனான் எண்டா, வீட்டில இருந்து போய் வந்து படிக்கிற பிள்ளை இஞ்சத்தை ஆக்களை மட்டும்தான் தெரிஞ்சு வைச்சிருக்கும். அங்க போனா வடமோடி தென்மோடிக் கூத்தை அது ஆடுற ஊரிலயே பார்க்கலாம், கிழக்கு முஸ்லிம் பிள்ளையளோட, மலையகத்தில காமன் கூத்து ஆடுற குடும்பத்துப் பிள்ளையளோட பழகலாம். சிறுபான்மை எண்டு நாங்கள் சொல்லேக்க எங்களை மட்டும்தான் நினைக்கிறம், அவைக்கு எங்களை விடவும் கதவு குறைவு, 1990 இல இஞ்சயிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் சனத்தின்ர பிள்ளையளை எந்தக் கண்காட்சிக்கு நாங்கள் கூப்பிட்டனாங்கள்? மூண்டு இடத்துப் பிள்ளையள் சேர்ந்து ஒரு விண்ணப்பம் போட்டா அதுக்கு இருக்கிற பெறுமதி தனிய ஒராள் போடுறதுக்கு இல்லை. முந்தியும் எங்கட ஆக்கள் இப்பிடிச் செய்தவை, மரியசேவியர் அடிகள் 1965 இல தொடங்கின திருமறைக் கலாமன்றம் யாழ்ப்பாணத்தோட நிக்கேல்ல, வேற மாவட்டங்களுக்கும் போய்ச் சிங்களக் கலைஞர்களோடயும் சேர்ந்து மேடை ஏறினது.

பிள்ளை இண்டைக்கே தொடங்கக்கூடியது போர்ட்ஃபோலியோதான், அதாவது தன்ர வேலையளின்ர தொகுப்பு, கம்பஸுக்குப் போகும் வரைக்கும் பொறுக்கத் தேவையில்லை. ஒவ்வொரு படத்தையும் காலமை வெளிச்சத்தில, ப்ளாஷ் போடாமல், சட்டத்துக்கு நேரா நிண்டு போட்டோ எடுக்க வேணும், நீள அகலம் சென்ரிமீற்றரில, எதால கீறினது, எந்த வருசம் எண்டு கட்டாயம் எழுத வேணும். பிறகு தன்ர வேலையைப் பற்றி ஒரு பக்கம். அதை முதல் தமிழில எழுதச் சொல்லுங்கோ, இதில நான் பிடிவாதமா இருக்கிறனான், ஏனெண்டா இங்கிலீசில தொடங்கின பிள்ளையள் எல்லாம் இன்ரநெற்றில இருக்கிற வசனத்தை எழுதிக்கொண்டு வருகினம், தமிழில எழுதச் சொன்னாத்தான் அம்மம்மா வீட்டுக் கிணத்தடியைப் பற்றி எழுதுதுகள், அதைப் பிறகு ஆரையும் பிடிச்சு இங்கிலீசுக்கு மாத்தலாம். விண்ணப்பம் கேட்டு வாற அழைப்புகள் முக்கால்வாசி இங்கிலீசிலதான் வாறது, அது எங்கட பிள்ளையளுக்குப் பெரிய தடைதான், அதால பின்னேரத்தில இங்கிலீஸ் கிளாஸை விடாதேங்கோ. கொழும்பில 2019 டிசம்பரில திறந்த நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் மூண்டு மொழியிலயும் வேலை செய்யுது, அப்பிடியான இடங்களுக்குத் தமிழிலயே எழுதிக் கேக்கலாம், கேட்டாத்தான் மற்ற இடங்களும் தமிழில செய்யும்.

காசு விசயத்தில நான் கொஞ்சம் கண்டிப்பு. கன வருசத்துக்கு முந்தி நான் அனுப்பின ஒரு பெடியன்ர ஆறு படங்களை ஒரு நிறுவனம் கண்காட்சிக்கு எண்டு கொண்டு போனது, நாலுதான் திரும்பி வந்தது, எழுத்தில ஒண்டும் இல்லை, கேக்கப் போக ஆளையாள் காட்டினவை. அவன் அதோட கீறுறதையே விட்டிட்டான். எனக்கு அது இப்பவும் நோகும், ஏனெண்டா ஒரு பக்கக் கடிதம் வாங்கு எண்டு அப்ப நான் சொல்லியிருக்க வேணும். எத்தினை படம், என்ன விலை, ஆர் கொண்டு போறது, பழுதானா ஆர் பொறுப்பு, எப்ப திரும்பி வரும், அவ்வளவும் அந்தக் கடிதத்தில இருக்க வேணும். உங்கட பெயர் வெளியில வரும் தானே எண்டு சொல்லிச் சும்மா கேப்பினம், பெயர் வரட்டும், பஸ் காசும் சட்டம் போட்ட காசும் சேர்ந்து வரட்டும். விக்கிறதைப் பழக வேணுமெண்டா கொழும்பில வருசா வருசம் கலா பொல எண்ட கலைச் சந்தை நடக்கிறது, 1993 இல இருந்து, தெருவோரத்தில கலைஞர்களே நிண்டு விக்கிறது, ஒருநாள் போய் நிண்டா சனம் எதைப் பார்த்து நிக்குது, என்ன விலை கேக்குது எண்டு கண்ணால பார்க்கலாம்.

இன்னொரு விசயம் பிள்ளைக்கு மெதுவாச் சொல்லுங்கோ. யாழ்ப்பாணத்துப் பிள்ளை எண்டா சண்டையைத்தான் கீற வேணும் எண்டு எதிர்பார்க்கிற ஆக்கள் இருக்கினம். அவவுக்கு அதைக் கீற மனம் வந்தாக் கீறட்டும், அது எங்கட வீட்டுக் கதை, ஆனா பனங்காயையும் சைக்கிளையும் கீற விருப்பமெண்டா அதைத்தான் கீற வேணும், காசு தாறவைக்காகக் காயத்தைக் காட்டத் தேவையில்லை. அதே மாதிரி கொழும்பாலயோ வெளிநாட்டாலயோ ஒரு கூட்டுத் திட்டம் வந்தா, யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு மண்டபம் பிடிச்சுக் குடுக்கிறதும் மொழிபெயர்க்கிறதும் மட்டும்தான் வேலையோ, அல்லாட்டி என்ன படம் வைக்கிறது, காசு எப்பிடிச் செலவழிக்கிறது எண்டு சொல்லுற இடத்தில எங்கட ஆள் ஒராளாவது இருக்கோ எண்டு கேக்கப் பழக்குங்கோ.

அரசாங்கத்தின்ர கலாபூஷணம் விருது 60 வயசு தாண்டின கலைஞருக்குத்தான். 22 வயசில ஒரு பிள்ளைக்குத் தேவை விருது இல்லை, தூரிகையும் ஒரு ரூமும். அதால விருதுக்குக் காத்திராமல் இப்பவே பிரதேச செயலகத்தில கலாசார உத்தியோகத்தரைப் போய்ப் பார்த்து பிள்ளையைக் கலைஞரா அறிமுகப்படுத்தி வையுங்கோ. நெதர்லாந்தில பிரின்ஸ் கிளவுஸ் ஃபண்ட் எண்டு ஒண்டு தொடங்கிற வயசில இருக்கிற கலைஞர்களுக்கு எண்டே ஆளுக்கு 5,000 யூரோ குடுக்கிறது, கம்பஸ் முடிக்கேக்க அதையும் பார்க்கலாம். இந்தியாவில போய்ப் படிக்க இந்திய அரசாங்கத்தின்ர ஐ.சி.சி.ஆர் ஸ்கொலசிப் இருக்குது, யாழ்ப்பாணத்திலயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறபடியா அதை விசாரிக்கக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை.

மாதச் சம்பளம் இல்லாட்டி அண்ணைக்கு நித்திரை வராது எண்டு எனக்குத் தெரியும், அது பிழையும் இல்லை. சித்திர ரீச்சர் வேலை ஒரு வழி, ஆனா நியமனம் எப்ப வரும் எண்டு பார்த்துக்கொண்டு கையைக் கட்டி இருக்கக்கூடாது. கம்பஸ் தொடங்கிற வரைக்கும் இருக்கிற மாதங்களில கிராஃபிக் டிசைனில என்.வி.கியூ எண்ட தொழில் தகைமைக் கோர்ஸ் ஒண்டு செய்யட்டும், கலியாண அழைப்பிதழும் கடைப் போர்ட்டும் செய்து தன்ர பெயிண்ட் காசை அவவே தேடட்டும். பி.கொம் செய்யத்தான் வேணும் எண்டா வெளிவாரியாப் பிறகும் செய்யலாம், இந்தச் செயன்முறைச் சோதனைதான் நிண்டு பார்க்காது.

வாற சனிக்கிழமை காலமை ஒன்பது மணிக்கு வாங்கோ, அண்ணையையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ, அவற்ற கேள்வியை அவரே கேக்கட்டும். ரிசல்ற்ஸ் ஷீற்றும் அடையாள அட்டையும் வேணும். படங்களை அலுமாரிக்கு மேல சுருட்டி வைச்சிருக்கிறம் எண்டு சொன்னனீங்கள் எல்லே, மழைக்கு முன்னம் அதுகளை இறக்கி விரிச்சு வையுங்கோ, பூஞ்சணம் பிடிச்சா ஒண்டும் செய்யேலாது, மடிக்காமல் ரெண்டு காட்போர்ட்டுக்கு நடுவில வைச்சு அப்பிடியே கொண்டு வாங்கோ, போட்டோவை இஞ்ச என்ர முத்தத்தில வைச்சே எடுப்பம்.